ஈரான் மீதான தடைச் சட்டத்தைப் படிப்பது எப்படி?

ஈரானுக்கு அரிசி விற்கலாம், தேயிலை விற்கலாம், மருந்து விற்கலாம். அமெரிக்காவின் தடைச் சட்டங்களிலேயே இவற்றுக்கு விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் விற்ற அரிசிக்குப் பணம் வாங்கப் போனால் வங்கி கையை விரிக்கிறது. "சட்டத்தில்தான் விலக்கு இருக்கிறதே" என்று பிரிவு எண்ணோடு காட்டினாலும் மேலாளர் அசைய மாட்டார். அவருக்குச் சட்டம் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். அநேகமாக அவர் வேறொரு பிரிவைப் படித்திருக்கிறார்.

அப்படிப்பட்ட சட்டத்தை எந்த வரிசையில், எதை எதோடு சேர்த்துப் படிப்பது என்பதுதான் இங்கே விஷயம். ஏற்றுமதி அலுவலகத்தில் ஆவணம் பார்க்கிறவர்கள், செய்தி எழுதுகிறவர்கள், சட்ட மாணவர்கள் மூவருக்கும் இது பயன்படும். ஈரானை உதாரணமாக எடுப்பதற்குக் காரணம், ஓர் அரசின் மீது போடக்கூடிய தடைகளில் அநேகமாக எல்லா வகையும் அங்கே குவிந்து கிடக்கின்றன. கையில் நான்கு வேண்டும்: திருத்தங்கள் சேர்ந்த சட்டப் பிரதி, அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பில் 31-ஆம் தலைப்பின் 560-ஆம் பகுதி, கருவூலத் துறையின் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம், அதாவது ஓஃபாக், தடைப் பட்டியலுக்காக நடத்தும் பெயர்த் தேடல் பக்கம், அதே அலுவலகம் வெளியிடும் பொது உரிமங்கள் (விண்ணப்பிக்காமலே எல்லாருக்கும் பொருந்தும் அனுமதிகள்). நான்கும் இணையத்தில் இலவசம்.

முதலில், எந்த அடுக்கு என்று பாருங்கள்

"அமெரிக்கா தடை விதித்தது" என்ற ஒரே தலைப்புச் செய்திக்குள் மூன்று வெவ்வேறு சரக்கு இருக்கலாம்: காங்கிரஸ் இயற்றிய சட்டம், அதிபர் கையெழுத்திட்ட நிர்வாக ஆணை, கருவூலத் துறை எழுதிய விதி. மூன்றுக்கும் ஆயுள் வேறு.

அடித்தளம் 1977-இல் வந்த சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். ஐஈஈபிஏ என்று சுருக்கிச் சொல்வார்கள். இது எந்த நாட்டையும் பெயர் சொல்லித் தடுப்பதில்லை. அதிபர் ஓர் அவசர நிலையை அறிவித்தால் சொத்துகளை முடக்கலாம், பணப் பரிமாற்றத்தை நிறுத்தலாம் என்று அதிகாரம் மட்டும் கொடுக்கிறது. டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்ட பத்தாம் நாள், 1979 நவம்பர் 14 அன்று, ஜிம்மி கார்ட்டர் 12170-ஆம் ஆணையில் கையெழுத்திட்டு ஈரான் அரசின் சொத்துகளை முடக்கினார். இந்தச் சட்டத்தை முதன்முதலில் பயன்படுத்தியது அப்போதுதான். அந்த அவசர நிலையை ஒவ்வொரு நவம்பரிலும் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். ஆண்டுதோறும் வரும் அந்த அறிவிப்பைப் புதிய தடை என்று எழுதிவிடுவது செய்தியறைகளில் அடிக்கடி நடக்கும் பிழை.

அடுக்கு ஏன் முக்கியம் என்பதற்குச் சிரியா நல்ல பாடம். 2025 ஜூன் 30 அன்று அதிபர் ஓர் ஆணையால் சிரியாத் தடைத் திட்டத்தையே முடித்துவைத்தார். ஆணைகளால் வந்தவை ஆணையால் போயின. ஆனால் 2019-இன் சீசர் சட்டம் காங்கிரஸ் இயற்றியது. அதிபரால் அதைத் தவணை முறையில் நிறுத்திவைக்கத்தான் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் காங்கிரஸே நீக்கிய பிறகுதான் அது போனது. இன்னொரு பழைய உதாரணம் ஜாக்சன்–வானிக் திருத்தம். 1975 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்தை நினைத்து, வர்த்தகச் சலுகையை மறுக்க வந்த சட்டம், அந்த நாடு இல்லாமல் போய் 21 ஆண்டுகள் கழித்து, 2012-இல்தான் ரஷ்யா விஷயத்தில் நீங்கியது. முடிவு தேதி எழுதாத சட்டம் இப்படித்தான்.

சட்டத்தைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு தொல்லை. தனிப் பெயரில் தேடினால் பல சமயம் கிடைக்காது. பல தடைகளை ஆண்டுதோறும் நிறைவேறும் பாதுகாப்புத் துறை ஒதுக்கீட்டு அதிகாரச் சட்டத்துக்குள் சொருகிவிடுவார்கள். ராணுவத்துக்கான சட்டத்தை எதிர்த்து வாக்களிக்க யாரும் துணிய மாட்டார்கள் என்ற கணக்கு. ஈரான் விஷயத்தில் இதனால் வரும் குழப்பத்தைக் கவனியுங்கள். 2011 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான சட்டத்தின் 1245-ஆம் பிரிவு ஈரான் மத்திய வங்கியையும் எண்ணெய் வாங்குகிறவர்களையும் பற்றியது. 2013 ஜனவரி 2 அன்று கையெழுத்தான அடுத்த சட்டத்திலும் ஒரு 1245 இருக்கிறது. அது உலோகங்கள், நிலக்கரி போன்றவற்றைப் பற்றியது. "பிரிவு 1245-இன்படி" என்று மட்டும் எழுதிய ஒப்பந்த ஷரத்து எதற்கும் உதவாது. முதலாவது பொதுச் சட்டம் 112-81, இரண்டாவது 112-239. எண்ணைச் சேர்த்தே எழுதுங்கள்.

எப்போதும் திருத்தம் சேர்ந்த பிரதியையே எடுங்கள். 1996-இல் வந்த ஈரான், லிபியாத் தடைச் சட்டத்தின் மூலப் பிரதியில், ஈரானின் எண்ணெய், எரிவாயுத் துறையில் ஓராண்டில் 4 கோடி டாலர் முதலீடு செய்தால் குற்றம், ஆறு தண்டனைகளில் இரண்டு உண்டு என்றிருக்கும். வரம்பு ஓராண்டிலேயே 2 கோடியாக இறங்கியது. 2006-இல் லிபியா பெயர் எடுபட்டது. 2010-இல் ஒன்பதில் மூன்று, 2012-இல் பன்னிரண்டில் ஐந்து என்று தண்டனைப் பட்டியலும் மாறியது. அதன் ஆயுளை 2016-இல் பத்து ஆண்டு நீட்டினார்கள். அப்போது ஒபாமா கையெழுத்திடாமலே அது சட்டமானது. அந்த நீட்டிப்பு 2026 டிசம்பர் 31 வரைதான். மறுபடி நீட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்து, எழுவாயைத் தேடுங்கள்

ஈரான் மீதான தடைச் சட்டம் ஈரானைக் கட்டுப்படுத்துவதில்லை. வாஷிங்டனில் இயற்றிய சட்டம் டெஹ்ரானில் செல்லாது. அது கட்டுவது மற்றவர்களை. அதனால் ஒவ்வொரு பிரிவிலும் வாக்கியத்தின் எழுவாய் யார் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். இரண்டு வகைதான் வரும்.

ஒன்று, "அமெரிக்க நபர்". அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அமெரிக்கச் சட்டப்படி பதிவான நிறுவனங்கள், அவற்றின் வெளிநாட்டுக் கிளைகள், அந்த நேரத்தில் அமெரிக்க மண்ணில் இருக்கும் எவரும். இவர்களுக்கு இது நேரடித் தடை; மீறினால் அபராதம், சிறை. கிரீன் கார்டு வைத்துக்கொண்டு சென்னையில் வேலை செய்கிற ஒருவர், தன் இந்திய நிறுவனத்தின் ஈரான் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டாலே 560.208-ஆம் விதியில் மாட்டுவார். சரக்கு அமெரிக்காவைத் தொட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஈரானுக்கு இன்னொரு கூடுதல்: 2012 முதல், அமெரிக்கத் தாய் நிறுவனத்துக்குச் சொந்தமான வெளிநாட்டுத் துணை நிறுவனமும் கட்டுப்பட்டது. 560.215-ஐப் பாருங்கள். ரஷ்யத் தடைகளில் இப்படிப் பொதுவான விதி இல்லை. ஒரு நாட்டுக்குப் படித்ததை அப்படியே இன்னொரு நாட்டுக்குப் பொருத்தாதீர்கள்.

மற்றொன்று, "வெளிநாட்டு நபர்". தூத்துக்குடி ஏற்றுமதியாளர், கொழும்புத் தேயிலை வணிகர், சிங்கப்பூர்க் கப்பல் முகவர் எல்லாரும் இதில் அடக்கம். இவர்களிடம் சட்டம் "செய்யாதே" என்று சொல்வதில்லை. "செய்தால் என் வாசலை உனக்கு அடைத்துவிடுவேன்" என்கிறது. இதுதான் இரண்டாம் நிலைத் தடை. அமெரிக்க வங்கிகளிடம் ஓராண்டில் 1 கோடி டாலருக்கு மேல் கடன் கிடையாது, அரசுக் கொள்முதலில் இடமில்லை, சொத்து முடக்கம், அதிகாரிகளுக்கு விசா மறுப்பு என்று தண்டனைப் பட்டியல் போகும். வங்கிக்கோ ஒரே தண்டனை போதும்: அமெரிக்காவில் அது வைத்திருக்கும் டாலர்க் கணக்கை மூடிவிடுவது.

மேலாளர் அசையாததன் முதல் காரணம் இங்கே இருக்கிறது. ஓர் அரிசி எல்.சி.யில், அதாவது வாங்குபவர் சார்பில் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதத்தில், வங்கிக்குக் கிடைப்பது கொஞ்சம் கமிஷன். தவறினால் போவது அதன் டாலர் வியாபாரம் முழுவதும். சட்டம் அனுமதித்தாலும் கணக்கு அனுமதிக்கவில்லை.

வினைச்சொல்லும் அடைமொழியும்

"அதிபர் தடை விதிக்க வேண்டும்" என்று சட்டத்தில் இருந்தால் விதித்தே தீருவார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வாக்கியத்திலேயே "தெரிந்தே", "குறிப்பிடத்தக்க பரிவர்த்தனை" என்று இரண்டு சொற்கள் உட்கார்ந்திருக்கும். அவை நிறைவேறின என்று அரசு தீர்மானித்தால்தான் "வேண்டும்" உயிர்பெறும்.

"தெரிந்தே" என்பதற்கு உண்மையில் தெரிந்திருப்பது மட்டும் பொருளல்ல. தெரிந்திருக்க வேண்டியதும் அதில் சேரும். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன் என்பது வாதமாகாது. "குறிப்பிடத்தக்க" என்பதற்குத் தொகை வரம்பு எதுவும் இல்லை. 561.404-ஆம் விதி சில அளவுகோல்களை வரிசையாகச் சொல்கிறது: தொகை, எத்தனை முறை, என்ன மாதிரிப் பரிவர்த்தனை, மேலிடத்துக்குத் தெரியுமா, மறைக்கப் பார்த்தார்களா. பல லட்சம் டாலர் பரிவர்த்தனையைவிட, பெயரை மறைத்து அனுப்பிய சிறிய தொகை ஆபத்தாக முடியலாம்.

இந்தியர்கள் இதை நேரில் பார்த்தார்கள். 2017-இல் ரஷ்யா, ஈரான், வட கொரியா மூன்றையும் சேர்த்து வந்த சட்டத்தின் 231-ஆம் பிரிவு, ரஷ்ய ராணுவத் துறையோடு குறிப்பிடத்தக்க பரிவர்த்தனை செய்பவர்மீது ஐந்து தண்டனைகளாவது விதிக்க வேண்டும் என்கிறது. எஸ்-400 என்ற ரஷ்ய வான் பாதுகாப்பு ஏவுகணைகளை வாங்கியதற்காக 2018-இல் சீனாவின் ராணுவக் கொள்முதல் துறைமீதும், 2020 டிசம்பரில் துருக்கியின் கொள்முதல் முகமைமீதும் விதித்தார்கள். அதே 2018-இல் ஒப்பந்தம் போட்டு, 2021 இறுதியில் எஸ்-400 வந்து இறங்கிய இந்தியாமீது விதிக்கவில்லை. பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

விலக்குகள்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

விலக்குப் பிரிவுகள் சட்டத்தின் வால் பக்கம் இருக்கும். அங்கிருந்து தொடங்கிப் படிப்பது நல்ல பழக்கம். உணவு, மருந்து, மருத்துவக் கருவி ஆகியவற்றுக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிலிருந்து வழி வருகிறது. அதன் விதி 560.530. எண்ணெய், கப்பல், காப்பீடு பற்றிய பிந்தைய சட்டங்களிலும் இதே விலக்கைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் "வேளாண் பொருள்" என்றவுடன் எல்லாம் உள்ளே வந்துவிடாது. 560.530-இன் பொது உரிமத்திலிருந்து வெளியே வைத்த பட்டியலில் ஆமணக்கு விதை இருக்கிறது. நம் ஊர்க் குன்றிமணியும் இருக்கிறது. ஒன்றிலிருந்து ரைசின், மற்றொன்றிலிருந்து ஆப்ரின் என்ற கொடிய நஞ்சுகளை எடுக்க முடியும் என்பதே காரணம். உரங்களும் அந்தப் பட்டியலில்தான். இவற்றுக்குத் தனி உரிமம் கேட்க வேண்டும். இந்த விதி நேரடியாக அமெரிக்க நபர்களுக்கானது என்றாலும், அமெரிக்கருக்கே அனுமதிக்காததை வெளிநாட்டவர் விற்றால் விலக்கு காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது.

பொருள் சரியாக இருந்தும் விலக்கு உடையும் இடம் ஒன்று உண்டு, அது எதிர்த் தரப்பு. பயங்கரவாதம் அல்லது பேரழிவு ஆயுதப் பரவல் காரணமாகப் பட்டியலில் ஏறியவரோடு செய்யும் பரிவர்த்தனைக்கு உணவு விலக்கு பொருந்தாது. 2019 செப்டம்பர் 20 அன்று ஈரான் மத்திய வங்கியையே பயங்கரவாத ஆணையின் கீழ்ப் பட்டியலில் ஏற்றினார்கள். அதுவரை செல்லுபடியான உணவுப் பரிவர்த்தனைகள் ஒரே நாளில் அந்தரத்தில் தொங்கின. அவற்றில் பல எங்காவது ஒரு கட்டத்தில் அந்த வங்கியைத் தொட்டாக வேண்டியிருந்தது. 2020 பிப்ரவரி 27 அன்று பொது உரிமம் 8 வெளியான பிறகே மத்திய வங்கி சம்பந்தப்பட்ட மனிதாபிமான வணிகத்துக்கு வாசல் திறந்தது. இடையில் ஐந்து மாதம். சட்டத்தை மட்டும் படித்து உரிமங்களைப் படிக்காதவருக்கு இரண்டு முறையும் எதுவும் நடந்ததாகத் தெரிந்திருக்காது.

சாபஹார் துறைமுகம் இன்னொரு வகை. ஈரானின் துறைமுக இயக்குநர்களைக் குறிவைக்கும் சட்டத்திலேயே ஆப்கானிஸ்தான் மறுகட்டமைப்புக்கு ஒரு விலக்கு உண்டு. 2018-இல் இந்தியா சாபஹாரைத் தொடர முடிந்தது அந்த வாசல் வழியாக. விலக்கு ஆப்கானிஸ்தானுக்குத்தான், இந்தியாவுக்கு அல்ல. காபூலில் ஆட்சி மாறிய பிறகும் அதையே நம்பி 2024 மே மாதம் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 29 முதல் அந்த விலக்கு ரத்து என்று அமெரிக்கா அறிவித்தது. பிறகு ஆறு மாத விலக்கு கிடைத்ததாக அக்டோபர் இறுதியில் இந்திய வெளியுறவு அமைச்சகம் சொன்னது. விலக்கைப் படிக்கும்போது அது எந்தக் காரணத்துக்காக எழுதப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் காலாவதியானால் விலக்கும் ஆட்டம் காணும்.

பட்டியலில் பெயர் தேடுவது

ஓஃபாக்கின் தேடல் பக்கத்தில் பெயர்ப் பொருத்தத்துக்கு ஒரு மதிப்பெண் அமைப்பு இருக்கிறது. 100-இல் வைத்தால் எழுத்துக்கு எழுத்து ஒத்த பெயர்தான் வரும். பாரசீகப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். மொஹம்மத் என்பதற்கே நாலைந்து எழுத்துமுறை உண்டு. 80, 85 என்று இறக்கித் தேடுங்கள். பெயர் ஒத்துப்போனால் உடனே பதற வேண்டாம். பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், முகவரி ஆகியவற்றோடு ஒப்பிட்ட பிறகே முடிவு. இந்த மதிப்பெண் பெயருக்கு மட்டும்தான். முகவரியைத் தேடினால் அது உதவாது.

பெயர் கிடைத்தால், பக்கத்தில் அடைப்புக்குள் இருக்கும் குறியைப் படிக்காமல் நகராதீர்கள். எஸ்டிஜிடி என்றிருந்தால் பயங்கரவாத ஆணை. என்பிடபிள்யூஎம்டி என்றிருந்தால் ஆயுதப் பரவல். "இரண்டாம் நிலைத் தடைக்கு உட்பட்டவர்" என்ற கூடுதல் குறிப்பு இருந்தால் அமெரிக்கர் அல்லாத உங்களுக்கும் ஆபத்து. இவற்றில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தே முந்தைய பகுதியில் சொன்ன உணவு விலக்கு நிற்பதும் விழுவதும்.

பெயர் கிடைக்காவிட்டாலும் வேலை முடியவில்லை. 50 சதவீத விதி இருக்கிறது. பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு நிறுவனத்தில் மொத்தமாக 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால், அந்த நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லாவிட்டாலும் அது முடக்கப்பட்டதுதான். 2014 ஆகஸ்டில் திருத்திய விளக்கம் இது. பட்டியலில் உள்ள இருவர் ஆளுக்கு 25 வைத்திருந்தால் கூட்டி 50, முடக்கம்.

கணக்கில் எல்லாரும் வழுக்கும் இடம் மறைமுகப் பங்கு. பட்டியலில் உள்ள ஒருவருக்கு அ நிறுவனத்தில் 50 சதவீதம், அ நிறுவனத்துக்கு ஆ நிறுவனத்தில் 50 சதவீதம் என்று வையுங்கள். பெருக்கினால் 25 வருகிறது, தப்பித்தோம் என்பார்கள். தப்பு. இங்கே பெருக்கக் கூடாது. அ நிறுவனம் 50-ஐத் தொட்டதால் அது முழுதாக முடக்கப்பட்டது. முடக்கப்பட்ட அ, ஆ-வில் 50 வைத்திருப்பதால் ஆவும் முடக்கம். மாறாக, அவருக்கு அ-வில் 25 மட்டும் என்றால் அ தப்பிக்கிறது, அதோடு ஆவும் தப்பிக்கிறது. படி படியாக இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் ஆமா, இல்லையா என்பதுதான் கேள்வி.

மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தை வைத்தே போட்டுப் பார்க்கலாம். அதில் இந்தியன் ஆயிலுக்கு 51.89 சதவீதம். ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்தின் துணையான நஃப்தீரான் இன்டர்டிரேடுக்கு 15.40 சதவீதம். அந்த நஃப்தீரான் மீது 2010 செப்டம்பரில் அமெரிக்கா தடை விதித்தது. 15.40 என்பது 50 அல்ல. சென்னை பெட்ரோலியம் முடங்காது. ஆனால் அந்த 15.40 சதவீதத்துக்கான ஈவுத்தொகையை நஃப்தீரானுக்கு அனுப்புவது தனிப் பரிவர்த்தனை, அதற்குத் தனியாகச் சட்டம் பார்க்க வேண்டும். மற்றபடி ஒரு சுவாரசியம்: 1965-இல் இது மெட்ராஸ் ரிஃபைனரீஸாகத் தொடங்கியபோது பங்காளிகள் இந்திய அரசு, ஈரானின் எண்ணெய் நிறுவனம், அமெரிக்காவின் அமோகோ. ஈரானுக்கும் அமோகோவுக்கும் தலா 13 சதவீதம்.

ஓஃபாக் பங்கை மட்டும் எண்ணுகிறது. நிர்வாகம் யார் கையில் என்பது இந்தக் கணக்கில் வராது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் கட்டுப்பாட்டையும் பார்க்கும். சரக்கு ராட்டர்டாம் வழி போகிறதென்றால் அந்தப் பட்டியல்களையும் தனியாகத் தேடுங்கள்.

கப்பலைப் பெயர் வைத்துத் தேடாதீர்கள். தடைக்குள்ளான கப்பல்கள் பெயரையும் கொடியையும் சட்டை மாற்றுவதுபோல் மாற்றுகின்றன. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பெயரில் வழங்கும் ஏழிலக்க ஐஎம்ஓ எண் கப்பலின் ஆயுள் முழுக்க மாறாது. பி.எல்.லில், அதாவது சரக்கு ஏற்றியதற்கான கப்பல் ரசீதில், உள்ள எண் போலியா என்று கையிலேயே சோதிக்கலாம்: முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். கணக்குக்காக 9074729 என்ற எண்ணை எடுத்தால் 63+0+35+16+21+4 = 139. கடைசி 9, ஏழாவது இலக்கமும் 9. சரி. இது தட்டச்சுப் பிழையையும் சோம்பேறிப் போலியையும் பிடிக்கும். இன்னொரு உண்மையான கப்பலின் எண்ணைத் திருடிப் போட்டிருந்தால் பிடிக்காது. அதற்கு எண்ணோடு கட்டிய ஆண்டையும் எடையையும் கப்பல் பதிவேட்டில் ஒப்பிட வேண்டும்.

பணம் போகும் பாதை

இப்போது அரிசிக்கு வருவோம்.

பணத்தை டாலரில் வாங்குவது மிகக் கடினம். சிங்கப்பூரிலிருந்து துபாய்க்கு அனுப்பும் டாலரும் வழியில் நியூயார்க் வங்கி ஒன்றைத் தொடுகிறது. அந்த வங்கி அமெரிக்க நபர். ஈரான் சம்பந்தப்பட்ட டாலர் நியூயார்க் வழியாகப் போய்த் திரும்ப இருந்த ஒரு வழியையும் 2008 நவம்பரில் அடைத்தார்கள். 2017-இல் சிங்கப்பூரின் சிஎஸ்இ குளோபலும் அதன் துணை நிறுவனமும் சுமார் 1.2 கோடி டாலர் கட்டின. இரண்டுமே அமெரிக்க நிறுவனமல்ல. ஈரான் வேலைக்காகத் தங்கள் சிங்கப்பூர் வங்கிக் கணக்கிலிருந்து டாலர் அனுப்பியதால், அமெரிக்க வங்கிகள் சட்டத்தை மீறுவதற்குக் காரணமானார்கள் என்பதே குற்றம். ஐஈஈபிஏயில் 2007-இல் சேர்த்த "மீறலுக்குக் காரணமாக இருத்தல்" என்ற சொற்றொடர் இவ்வளவு தூரம் நீளும். ஈரான் என்ற சொல்லை அனுப்புச் செய்தியிலிருந்து எடுத்துவிட்டு அனுப்புங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் பிஎன்பி பரிபாவை நினைத்துக்கொள்ளுங்கள். சூடான், ஈரான், கியூபா பரிவர்த்தனைகளை அப்படி மறைத்ததற்கு 2014-இல் அந்த வங்கி கட்டியது ஏறத்தாழ 897 கோடி டாலர்.

அப்படியானால் இந்திய அரிசிக்கு முன்பு பணம் எப்படி வந்தது? எண்ணெய்ப் பிரிவில் விடை இருக்கிறது. 2011 டிசம்பர்ச் சட்டத்தின்படி, ஈரான் எண்ணெயைக் கணிசமாகக் குறைத்துக்கொள்ளும் நாட்டுக்கு 180 நாள் விலக்கு உண்டு. இந்தியா அதை 2012 முதல் பெற்றது. அந்த ஆண்டே வந்த இன்னொரு சட்டத்தின் 504-ஆம் பிரிவு, 2013 பிப்ரவரி 6 முதல் ஒரு நிபந்தனை போட்டது: எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் ஈரானுக்குப் போகக் கூடாது, வாங்கிய நாட்டிலேயே ஒரு கணக்கில் இருக்க வேண்டும், அந்த நாட்டுப் பொருளை வாங்கத்தான் ஈரான் அதைச் செலவழிக்கலாம். இந்தியாவில் அந்தக் கணக்கு கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட யூகோ வங்கியில் ரூபாயாக இருந்தது. எண்ணெய் நிறுவனங்கள் ரூபாயைப் போட்டன. ஈரானிய இறக்குமதியாளர்கள் அதிலிருந்து பாசுமதிக்கும் தேயிலைக்கும் மருந்துக்கும் கொடுத்தார்கள். எல்லைக்கு வெளியே பணமே நகரவில்லை.

2018 நவம்பரில் இந்தியா உட்பட எட்டு நாடுகளுக்குக் கொடுத்த கடைசி எண்ணெய் விலக்கு 2019 மே 2 அன்று முடிந்தது. இந்தியா ஈரான் எண்ணெயை நிறுத்தியது. உணவு விலக்கில் ஒரு வார்த்தையும் மாறவில்லை. ஆனால் யூகோ கணக்குக்குள் வரும் ரூபாய் நின்றது; இருந்த இருப்பு கரைந்தது. அரிசி விற்கலாம் என்பது உணவுப் பிரிவில் இருந்தது; அரிசிக்கான பணம் எண்ணெய்ப் பிரிவில் இருந்தது. மேலாளர் படித்திருந்தது அந்தப் பிரிவைத்தான்.

இலங்கை வேறு வழி பிடித்தது. 2012-இல் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் ஈரானுக்குச் சுமார் 25 கோடி டாலர் பாக்கி. 2021 டிசம்பரில் அதைத் தேயிலையால் அடைக்க ஒப்பந்தமாகி, 2023-இல் ஏற்றுமதி தொடங்கியது. கூட்டுத்தாபனம் உள்நாட்டில் ரூபாயாகக் கொடுக்க, தேயிலைச் சபை வழியாக ஏற்றுமதியாளருக்குப் பணம் போகும். தேயிலை உணவுப் பொருள், பட்டியலில் உள்ள ஈரானிய வங்கி எதுவும் நடுவில் இல்லை என்பதே கொழும்பின் வாதம். உள்ளே பார்த்தால் யூகோ ஏற்பாட்டின் அதே எலும்புக்கூடுதான்.

தேதிகள்

தண்டனையைக் கைவிட அதிபருக்கு இடம்தரும் தள்ளுபடிப் பிரிவில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். "தேசிய நலனுக்கு முக்கியம்" என்றால் அதிபருக்கு எளிது. "தேசப் பாதுகாப்புக்கு இன்றியமையாதது" என்றால் காங்கிரஸுக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். பிரான்சின் டோட்டால், ரஷ்யாவின் காஸ்ப்ரோம், மலேசியாவின் பெட்ரோனாஸ் மூன்றும் ஈரானின் தெற்கு பார்ஸ் வயலில் 200 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது சட்டமீறல்தான் என்று சொல்லிக்கொண்டே 1998-இல் தண்டனையைத் தள்ளுபடி செய்தார்கள்.

தடை எப்போது முடியும் என்ற நிபந்தனையில் எண்ணிக்கை இருந்தால் நல்லது. தென்னாப்பிரிக்கா மீதான 1986-ஆம் ஆண்டு நிறவெறி எதிர்ப்புச் சட்டம் இதில் முன்மாதிரி. ரீகன் நிராகரித்த மசோதாவை கீழவை 313–83 என்றும் செனட் 78–21 என்றும் மீறி நிறைவேற்றின. நெல்சன் மண்டேலாவும் அரசியல் கைதிகளும் விடுதலையாக வேண்டும்; அதோடு மற்ற நான்கு நிபந்தனைகளில் மூன்று நிறைவேற வேண்டும் என்று அதில் கணக்காக எழுதியிருந்தது. 1991 ஜூலை 10 அன்று மூத்த புஷ் அந்தப் பட்டியலை வைத்தே தடையை நீக்கினார். ஈரான் சட்டங்களின் நிபந்தனைகளில் அவ்வளவு தெளிவு இல்லை.

தடை திரும்ப வரும்போது முடிப்புக் காலம் கொடுப்பார்கள். 2018 மே 8 அன்று அணு ஒப்பந்தத்திலிருந்து விலகியபோது சிலவற்றுக்கு 90 நாள், ஆகஸ்ட் 6 வரை. மற்றவற்றுக்கு 180 நாள், நவம்பர் 4 வரை. இது பழைய ஒப்பந்தத்தை முடிப்பதற்கான காலம். இதற்குள் புதிதாக ஒப்பந்தம் போட்டு அவசரமாகச் சரக்கு ஏற்றலாம் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்திய நிலைப்பாட்டையும் மறக்க வேண்டாம். ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடையைத்தான் இந்தியா ஏற்கிறது. அதை நடைமுறைப்படுத்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் இறுதியில் ஈரான் மீதான ஐ.நா. தடைகள் மீண்டும் வந்துவிட்டதால், அயலக வணிகத் தலைமை இயக்குநரகத்தின் அறிவிப்புகளையும் இனி அமெரிக்கப் பட்டியலோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்

மீறலுக்கான வழக்குக் காலவரம்பை 2024 ஏப்ரலில் ஐந்திலிருந்து பத்து ஆண்டாக்கினார்கள். ஆவணம் வைத்திருக்க வேண்டிய காலமும் 2025 மார்ச் 12 முதல் பத்து ஆண்டு. சிவில் அபராதம் 2025 கணக்கில் மீறலுக்கு 3,77,700 டாலர் அல்லது பரிவர்த்தனையின் இரு மடங்கு, எது அதிகமோ அது. வேண்டுமென்றே மீறினால் 10 லட்சம் டாலரும் 20 ஆண்டுச் சிறையும் வரை.

ஆகவே பெயர்த் தேடலின் திரைப்பிடிப்பைத் தேதியும் மதிப்பெண்ணும் தெரிய எடுத்து வையுங்கள். பங்குதாரர் விவரம் எந்தப் பதிவேட்டிலிருந்து, எந்த நாளில் எடுத்தது; ஐஎம்ஓ எண்; இன்வாய்ஸில் சரக்கின் முழு விவரம்; எந்தப் பிரிவை, எந்தப் பொது உரிமத்தை நம்பினீர்கள்; அன்றைய அதன் வாசகத்தின் அச்சுப் பிரதி. இந்தக் கடைசிப் பிரதிதான் பெரும்பாலும் கோப்பில் இருக்காது. பொது உரிமம் 8 பின்னர் 8ஏ ஆனது. புது வாசகம் வந்த பிறகு, நீங்கள் நம்பிய பழைய வாசகத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும். எல்.சி. திறக்கும் நாளில் ஒரு தேடல், கப்பலில் ஏற்றும் நாளில் ஒன்று, பணம் வரும் நாளில் ஒன்று. மூன்றுக்கும் தனித்தனித் தாள்.